மனப்பாடமாக ஓர் எண்

சுங்குவார்சத்திரம், 16.9.2024

காலையிலிருந்தே ஹைவேயில் போலீஸ் வேன்கள். சாம்சங் தொழிலாளர்கள் சங்கத்துக்கு அங்கீகாரம் கேட்டு உட்கார்ந்து இன்றோடு எட்டு நாள். காஞ்சிபுரம் கலெக்டர் ஆபீசுக்கு ஊர்வலம் கிளம்பியவர்களை, அனுமதி இல்லை என்று பிடித்துக் கல்யாண மண்டபத்தில் வைத்துவிட்டார்கள். நூறு பேருக்கு மேல்.

சாயங்காலம் மாடியில் குடியிருக்கும் பையன் வந்தான். திருவாரூர்ப் பக்கம் ஊர், ஒரகடத்தில் வேறொரு கம்பெனியில் வேலை. "அது அரெஸ்ட்டே இல்லையாம்மா. சாப்பாடு போட்டு, பொழுது சாஞ்சதும் விட்டுடுவாங்களாம்" என்றான். அவனுக்கு நிம்மதி. எனக்கு இல்லை. எழுந்து வெளியே போக முடியாதபடி வாசலில் போலீஸ் நின்றால் அது காவல்தான், இலை போட்டுப் பரிமாறினாலும். ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பி.என்.எஸ்.எஸ். என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 170-வது பிரிவு முன்னெச்சரிக்கைக் கைதுக்கு இடம் தருகிறது. அதற்கும் 24 மணி நேரம்தான் எல்லை. 172 புதிதாக வந்தது: போலீஸ் உத்தரவுக்குப் பணியாதவரைப் பிடித்து வைக்கலாம், சின்ன விஷயமென்றால் 24 மணி நேரத்துக்குள் விட்டுவிடலாம். எந்தத் தாளும் இல்லாமல் விடியற்காலை போனவன் ராத்திரி திரும்பினால், நாளைக்கு எதைக் காட்டிக் கேள்வி கேட்பான்?

19.9.2024

கோர்ட்டில் தட்டச்சராக இருந்த நாட்கள் ஞாபகத்துக்கு வந்தன. கைதுக் குறிப்பில் குடும்பத்தார் ஒருவரோ அந்தப் பகுதியில் மதிப்புள்ள ஒருவரோ சாட்சியாகக் கையெழுத்துப் போட வேண்டும். மேற்கு வங்கத்து டி.கே. பாசு 1986-ல் தலைமை நீதிபதிக்கு எழுதிய ஒரு கடிதம் மனுவாகி, பத்து வருஷம் கழித்து உச்ச நீதிமன்றம் விதித்த கட்டளை அது. இன்றைக்கு அது பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 36-வது பிரிவு. ஆனால் நான் பார்த்த கட்டுகளில் ஒரே ஆள் பெயர் திரும்பத் திரும்ப வரும். ஸ்டேஷன் எதிரே டீக்கடை வைத்திருந்தவர். எந்த ஊர்ப் பையன் கைதானாலும் சாட்சி அவர்தான். ஒரே பேனா, ஒரே சாய்வு. அப்போது வாய் திறக்காமல் டைப் அடித்தேன். இன்னும் உறுத்துகிறது.

இந்தப் பக்கத்து ரூம்களில் இருப்பவர்களில் பாதிப் பேருக்கு அப்பா அம்மா முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால். குடும்பத்துச் சாட்சிக்கு எங்கே போவது?

24.9.2024

2021 டிசம்பர் நினைவுக்கு வந்தது. விடுதிச் சாப்பாடு விஷமாகி ஃபாக்ஸ்கான் பெண்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, கூட வேலை செய்த பெண்கள் இதே ஹைவேயில் உட்கார்ந்தார்கள். 67 பெண்களையும் ஒரு பத்திரிகையாளரையும் போலீஸ் பிடித்தது. போன்களை வாங்கிக்கொண்டு, பெற்றோரைப் போனில் அழைத்து மகளைக் கண்டித்து வைக்கும்படி எச்சரித்ததாக ராய்ட்டர்ஸ் எழுதியது.

உறவினருக்குத் தகவல் சொல்வது போலீசின் கடமை என்றுதான் அன்றைய சட்டத்தில் இருந்தது, இன்றும் 48-வது பிரிவில் இருக்கிறது. யாருக்குச் சொல்ல வேண்டும் என்று சொல்பவர் கைதானவர். அந்தப் பெண்களுக்கு அது தலைகீழாகிவிட்டது. துணைக்கு ஆள் வரட்டும் என்பதற்காக வைத்த போன் அழைப்பு, வீட்டை வைத்தே பயமுறுத்தும் அழைப்பாகிவிட்டது. கல்யாணத்துக்கு நகை சேர்க்க வேலைக்கு வந்த பெண்ணின் அப்பாவுக்கு நடுவில் போலீஸிடமிருந்து போன் வந்தால் அந்த வீட்டில் என்ன நடக்கும் என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை. அடியைவிட அது ஆழமாக விழும்.

9.10.2024

எச்சூரில் சாம்சங் தொழிலாளர்களின் போராட்டப் பந்தலைப் பிரித்துவிட்டார்கள். ராத்திரி வீடு தேடிப் போய்ச் சிலரைக் கூட்டிப்போனதாகச் சங்கம் சொல்கிறது.

மாடிக்குப் போய்ப் பையனைக் கூப்பிட்டேன். "போனை வாங்கிட்டா யாருக்குத் தகவல் சொல்லுவே?"

"அப்பாவுக்கு."

"நம்பர் சொல்லு."

தொண்ணூற்று நாலு என்று ஆரம்பித்தான். அதற்குமேல் வரவில்லை. நாலு வருஷமாகத் தினமும் பேசுகிற எண்.

காலண்டரின் பின்பக்கம் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டினேன்: அப்பா நம்பர், வக்கீல் நம்பர். கீழே, எதற்காகக் கைது என்று கேட்பது, யாருக்குத் தகவல் என்று நீயே சொல்வது, எழுதியதைப் படிக்காமல் கையெழுத்துப் போடாமல் இருப்பது. அடித்தார்கள் என்றால் டாக்டரிடமும் மாஜிஸ்திரேட்டிடமும் வாய்விட்டுச் சொல்வது. மாஜிஸ்திரேட் கேட்கும்போது தலையைக் குனிந்து "ஒண்ணுமில்ல சார்" என்ற பையன்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பக்கத்திலேயே போலீஸ் நிற்கும்.

16.10.2024

போராட்டம் நேற்று முடிந்தது, 37 நாள். பையன் நைட் ஷிப்ட் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது படியில் நின்று, "சரியான்னு பாருங்கம்மா" என்று எண்ணைச் சொல்ல ஆரம்பித்தான். எட்டாவது இலக்கத்தில் நின்றான். கை பாக்கெட்டுக்குப் போனது. வேண்டாம், போனை எடுக்காதே என்றேன். கண்ணை மூடிக்கொண்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தான்.