விசுவாசமும் பந்தியும்

மனிதன் மீட்படைவது சமயச் சட்டங்களைக் கைக்கொள்வதனாலன்று, விசுவாசத்தினாலேயே என்பது கிறிஸ்தவ சமயத்தின் அடிப்படைப் போதனைகளுள் ஒன்றாகும். இதனைக் கேட்கும் சைவ நண்பர்கள் என்னிடம் வழக்கமாக எழுப்பும் வினா ஒன்றுண்டு: "அங்ஙனமாயின் ஒழுக்கம் வேண்டியதில்லையா? நம்பிவிட்டாற் போதுமா?" வினா நியாயமானதே. ஆயினும், இப்போதனை எச்சூழலில் உருப்பெற்றது என்று நோக்குமிடத்து, யார் யாரோடு ஒரே பந்தியில் அமர்ந்து உண்ணலாம் என்ற பிணக்கு அதன் பின்னணியில் இருப்பதைக் காணலாம்.

கி.பி. முதலாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், சிரியாவின் அந்தியோகியா நகரில் யூதரும் யூதரல்லாதாருமான கிறிஸ்தவர்கள் ஒன்றாக உண்டு வந்தனர். பேதுருவும் அவர்களோடு உண்டார். எருசலேமிலிருந்து யாக்கோபைச் சார்ந்தோர் சிலர் வந்ததும் அவர் அஞ்சி விலகிக்கொண்டார். பர்னபாவும் அவ்வழியே சென்றார். பவுல் எல்லார் முன்னிலையிலும் பேதுருவைக் கண்டித்தார். கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் இதனைப் பவுலே கூறுகின்றார். விசுவாசமே மனிதனைக் கடவுள் முன் நீதிமானாக்குகின்றது என்னும் அவரது வாதம், இந்நிகழ்ச்சியைக் கூறியதன் தொடர்ச்சியாகவே அந்நிருபத்தில் இடம்பெறுகின்றது. விருத்தசேதனமும் உணவு விதிகளும் யூதரல்லாதாருக்கு நுழைவுக் கட்டணமாதல் கூடாது என்பதே அவர் நிலைப்பாடு. இதனால் யூத சமயத்தை அருளறியாச் சமயமெனக் கொள்ளுதல் பொருந்தாது. கடவுளின் அருளே முதன்மையானது, சட்டத்தைக் கைக்கொள்ளுதல் அவ்வருளுக்கு மனிதன் அளிக்கும் மறுமொழி என்பதே அக்கால யூதரின் கருத்து என ஈ. பி. சாண்டர்ஸ் 1977இல் வெளியிட்ட ஆய்வு எடுத்துக்காட்டிற்று.

பதினைந்து நூற்றாண்டுகளின் பின் மார்ட்டின் லூதர் இப்போதனையை வேறொரு தவிப்போடு அணுகினார். 1505இல் ஏர்பர்ட் நகரில் அகுஸ்தீனியத் துறவற மடத்திற் சேர்ந்த அவர், நோன்பாலும் விழிப்பாலும் ஓயாத பாவசங்கீர்த்தனத்தாலும் மன அமைதி பெற்றாரல்லர். உரோமர் நிருபமே அவருக்கு வழிகாட்டிற்று. 1522இல் அவர் வெளியிட்ட ஜேர்மன் மொழிப் புதிய ஏற்பாட்டில், அந்நிருபத்தின் மூன்றாம் அதிகாரத்தில், கிரேக்க மூலத்தில் இல்லாத "மாத்திரம்" என்னும் பொருள்தரும் சொல்லைச் சேர்த்தார். "விசுவாசம் மாத்திரம்" என்ற தொடர் புதிய ஏற்பாட்டின் மூலத்தில் ஓரிடத்திலேயே வருகின்றது. அதுவும் யாக்கோபின் நிருபத்தில், அதனை மறுக்கும் வாக்கியத்தில் வருகின்றது என்பது மனங்கொள்ளத்தக்கது. எனினும் யாக்கோபு மறுப்பது, பசித்தவனுக்கு வாய்ச்சொல் மட்டும் வழங்கும் வெற்று நம்பிக்கையையே. பவுல் போற்றுவதோ அன்பினாற் செயற்படும் விசுவாசத்தை. கிரேக்கத்திற் "பிஸ்திஸ்" என்னும் சொல் கருத்தொன்றை ஏற்றுக்கொள்ளுதலை மட்டுமன்றிப் பற்றுறுதியையும் உண்மையோடு நிலைத்திருத்தலையும் குறிக்கும். என் நண்பர்களுக்கு நான் கூறும் விடை இதுவே: ஒழுக்கம் மீட்பின் விலையன்று, அதன் விளைவு.

ஆனால் அவர்கள் கேளாத வேறொரு வினாவே என்னை உறுத்துவது. வேலியை அகற்ற வந்த விசுவாசத்தின் பெயராலேயே புதிய வேலி நாட்டப்பட்டதெங்ஙனம்? அருளைப் போதித்த லூதரே 1543இல் யூதரின் தொழுகைக் கூடங்களை எரிக்குமாறு எழுதினார். தமிழகத்தில், 1833இல் கல்கத்தா ஆயர் டானியேல் வில்சன் திருச்சபையினுட் சாதி வேறுபாடு ஒழிய வேண்டுமெனவும் திருவிருந்தை எல்லோரும் பேதமின்றிப் பெறவேண்டுமெனவும் பணித்தபோது, தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் சபையை விட்டே விலகினர்.

தூரத்துக்குப் போகவும் வேண்டியதில்லை. எனது அப்பாச்சி தம் சிறுபராயத்துக் கோயிலைப் பற்றிக் கூறுகையில், சிலர் வாங்கிலும் சிலர் பாயிலும் இருந்து ஒரே கீதத்தைப் பாடியதாகச் சொல்வார். பாயில் இருந்தோர் விசுவாசத்திற் குறைந்தவர்களா என்று ஒருமுறை வினவினேன். "விசுவாசத்திலை ஒரு குறையும் இல்லை மோனை. அது ஊர் வழமை" என்றார். அந்த ஒரு சொல்லில் எல்லாம் அடங்கிவிட்டது. மோசேயின் சட்டமாவது எழுதப்பட்டது, அதனோடு வாதாடலாம். வழமையோ எந்நூலிலும் எழுதப்படாமலே எல்லாச் சட்டங்களிலும் கண்டிப்பாகக் காக்கப்படுகின்றது. பவுல் எதிர்த்த நுழைவுக் கட்டணம் எங்கள் கோயிலிலும் வசூலிக்கப்பட்டது; அதைச் செலுத்தும் வழிதான் பாயில் இருந்தோருக்குக் கிடையாது.

1999 ஒக்ரோபர் 31இல் அவுக்ஸ்பேர்க் நகரில் லூதரன் உலக சம்மேளனமும் கத்தோலிக்கத் திருச்சபையும் நீதிமானாக்கப்படுதல் பற்றிய கூட்டுப் பிரகடனத்திற் கைச்சாத்திட்டன. 2006இல் மெதடிஸ்தரும் அதனை ஏற்றனர். போதனையிற் பெருமளவு இணக்கம் ஏற்பட்டுவிட்டது. ஆயினும் கத்தோலிக்கரும் லூதரன் சபையாரும் இன்றும் பொதுவாக ஒரே திருவிருந்தில் அமர்வதில்லை. கோட்பாட்டில் ஒன்றுபடுவதிலும் பந்தியில் ஒன்றுபடுவது அரிதென்பதற்கு அந்தியோகியாவுக்குப் பின் இதுவும் ஒரு சான்று. விசுவாசமே வாயில் என்று கூறும் நாம், அவ்வாயிலில் வேறெவரைக் காவல் நிறுத்தியுள்ளோம் என்பதை, எமது விசுவாசப் பிரமாணத்தைப் படித்தன்று, எமது பந்தியில் யார் இல்லை என்று பார்த்தே அறிதல் வேண்டும்.