ஆக்சிலேட்டர் கேபிள் ஏன் எரிந்தது?

புனேயில் இட்லி மாவுக்கு எப்போதும் கிராக்கி உண்டு. கட்கி, தேஹு ரோடு பக்கம் தலைமுறை தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பங்கள், என்னைப் போல வேலைக்கு வந்து ஒட்டிக்கொண்டவர்கள், போதாததற்கு இட்லியை நம்மைவிட அதிகம் ரசிக்கும் மராட்டிக்காரர்கள். எங்கள் பகுதிக்கு மாவு போடுகிறவர் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. அவரிடம் 2009 மாடல் டீசல் பிக்கப் ஒன்று இருக்கிறது. கம்பெனி பெயர் வேண்டாம், தப்பு வண்டி மேல் இல்லை.

விடிகாலை நாலரைக்கு வண்டி கிளம்பினால்தான் ஆறு மணிக்குள் நாற்பது கடைக்கும் மாவு போய்ச் சேரும். ஏழு மணிக்குப் போனால் கடைக்காரர் வேறு ஆளிடம் வாங்கி வைத்திருப்பார். திரும்பி வந்த மாவு மத்தியானத்துக்குள் பொங்கிப் புளித்துவிடும். 2024 மழைக்காலம் முடிந்ததும் இந்த வண்டி காலையில் செல்ஃப் அடிக்க மறுக்க ஆரம்பித்தது. ‘டக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். நாலு பேர் தள்ளினால் ஓடும். விடிகாலை நாலரைக்கு நாலு பேருக்கு எங்கே போவது? அண்ணாச்சியும் மதினியும் காலேஜ் போகிற மகளும் தள்ளுவார்கள்.

ஐந்து மாதத்தில் இரண்டு பாட்டரி, செல்ஃப் மோட்டருக்கு ஒரு முழு வேலை, இரண்டு ஆக்சிலேட்டர் கேபிள். மகள் ஃபீஸுக்கு வைத்திருந்த பணத்தில் கை வைத்தாயிற்று. மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாவு வாங்கப் போனபோது சொன்னார்: “வித்துட்டு ஊருக்கே போயிரலாமான்னு இருக்கு தம்பி. அங்க போயி என்ன செய்யதுன்னும் தெரியல.”

நான் மெக்கானிக் இல்லை. ஒரு தொழிற்சாலையில் எலெக்ட்ரானிக்ஸ் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். மீட்டர் பிடிக்கத் தெரியும், அவ்வளவுதான். ஆனால் அவர் சொன்ன பட்டியலில் ஒரு விஷயம் உறுத்தியது. பாட்டரி போகலாம், செல்ஃப் போகலாம். ஆக்சிலேட்டர் கேபிள் எதற்கு இரண்டு தடவை?

“உறை உருகி உள்ள கம்பியோட ஒட்டிக்கிடுது தம்பி. சைலன்சர் சூடுன்னு சொன்னாங்க.”

பானெட்டைத் திறந்து பார்த்தால், கேபிள் போகிற வழிக்கும் சைலன்சருக்கும் சம்பந்தமே இல்லை. அப்போதே பாதி விடை கிடைத்துவிட்டது.

வண்டியில் கரன்ட் பாட்டரியின் பிளஸ்ஸிலிருந்து வயர் வழியாகப் போகிறது. மைனஸுக்குத் திரும்பி வருவது இரும்பு வழியாக. பாடி, சேஸிஸ், எஞ்சின் எல்லாமே திரும்பி வரும் பாதை. இதைத்தான் எர்த் என்கிறோம் (இங்கே ‘அர்த்திங்’). ஆனால் எஞ்சின் உட்கார்ந்திருப்பது ரப்பர் மவுன்ட்டிங் மேல். ரப்பரில் கரன்ட் போகாது. அதனால் எஞ்சினையும் சேஸிஸையும் இணைக்கப் பின்னல் போட்ட செம்புப் பட்டை ஒன்றைப் போட்டிருப்பார்கள். அது கெட்டால் செல்ஃப் மோட்டர் இழுக்கும் நூற்றுக்கணக்கான ஆம்பியர் வேறு வழி தேடும். எஞ்சினுக்கும் பாடிக்கும் நடுவே இரும்பால் ஆன இன்னொரு இணைப்பு எது? ஆக்சிலேட்டர் கேபிள்! அந்த மெல்லிய கம்பி அவ்வளவு கரன்ட்டைத் தாங்காமல் சூடாகி உறையை உருக்குகிறது.

சரி, ஊகம் போதாது, அளந்து பார்க்க வேண்டும். டீசல் பம்ப் சோலினாய்டின் வயரைக் கழற்றிவிட்டோம். செல்ஃப் சுற்றும், எஞ்சின் பிடிக்காது. கியர் நியூட்ரலில். மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைப் பாட்டரியின் மைனஸ் முனையிலும் மற்றதை எஞ்சின் பிளாக்கிலும் பிடித்துக்கொண்டு அண்ணாச்சியைச் சாவி போடச் சொன்னேன். நல்ல வண்டியில் 0.2, 0.3 வோல்ட் வரலாம். இங்கே 2.6. அடுத்து பாட்டரி மைனஸிலிருந்து சேஸிஸ்: 0.1. சேஸிஸிலிருந்து எஞ்சின்: 2.5. திருடன் அகப்பட்டுவிட்டான்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். பல பேர் மீட்டரை ஓமில் வைத்து இந்தப் பட்டையைச் சோதித்துவிட்டு ‘நல்லாத்தான் இருக்கு’ என்று விட்டுவிடுவார்கள். 0.02 ஓம் தடை இருந்தாலே 150 ஆம்பியரில் 3 வோல்ட் தொலைந்துபோகும். சாதாரண மீட்டரின் வயருக்கே 0.2 ஓம் இருக்கும். அது எப்படி இதைக் காட்டும்? டெஸ்ட் லைட்டும் அப்படித்தான். அந்தச் சின்ன பல்ப் இழுப்பது அரை ஆம்பியர் கூட இல்லை, எவ்வளவு மோசமான இணைப்பிலும் ஜம்மென்று எரியும். எலெக்ட்ரீஷியன் கடைக்காரர் அண்ணாச்சியை ஏமாற்றினார் என்று நான் நினைக்கவில்லை. அவர் கையில் இருந்தது டெஸ்ட் லைட் மட்டும்தான். லோடு ஏறும்போது வோல்ட்டேஜ் எங்கே விழுகிறது என்று பார்ப்பது ஒன்றுதான் வழி.

மீட்டர் இல்லாதவர்களுக்கு இன்னும் சுலபமான சோதனை: ஜம்ப் ஸ்டார்ட் கேபிளின் ஒரு முனையைப் பாட்டரி மைனஸிலும் மறு முனையை எஞ்சினின் வெற்று இரும்பிலும் மாட்டிவிட்டு செல்ஃப் அடியுங்கள். நாங்களும் செய்து பார்த்தோம். வண்டி புதுசு போலச் சுற்றியது. மதினி கிரைண்டரை நிறுத்திவிட்டு வெளியே வந்து பார்த்தார்.

பாட்டரிகள் செத்ததும் இதனால்தான். டைனமோவின் எர்த்தும் எஞ்சின் வழியாகத்தான் போகிறது. டைனமோவிலேயே அளந்தால் 14.2 வோல்ட், ஹெட்லைட் போட்டு பாட்டரியில் அளந்தால் 13.5-ல் தடுமாறி, எஞ்சின் குலுங்கும்போது 13-க்குக் கீழே இறங்கியது. தினமும் அரைவயிற்றுச் சாப்பாடு. அப்படியே வைத்திருந்தால் எந்த பாட்டரியும் உள்ளே சல்ஃபேட் படிந்து செத்துத்தான் போகும்.

மைனஸைக் கழற்றிவிட்டு (வாட்ச், மோதிரத்தையும்) அடியில் படுத்துப் பட்டையை எடுத்தேன். ஆயில் ஊறிக் கறுத்து, பாதிப் புரி அறுந்திருந்தது. அதைவிட வேடிக்கை, சேஸிஸ் பக்கத்து முனைக்கு அடியில் பளபளவென்று கறுப்பு பெயின்ட்! பழைய சரக்கு வண்டிக்கு வருஷா வருஷம் எஃப்சி எடுக்க வேண்டும். 2024 மே மாதம் எஃப்சிக்காக சேஸிஸுக்குப் பெயின்ட் அடித்தவர்கள், பட்டையைப் பெயின்ட்டுக்கு மேலேயே முடுக்கியிருக்கிறார்கள். மரைக்குள் மிச்சமிருந்த தொடர்பையும் மழை துருப்பிடிக்க வைத்துவிட்டது.

புதுப் பட்டை, போல்ட், உப்புத்தாள் எல்லாம் சேர்த்து முன்னூறு ரூபாய்க்குள். இரும்பு வெள்ளையாகத் தெரியும்வரை தேய்த்து, இறுக்கி, மேலே வாசலின் தடவினோம். 2.6 இருந்த இடத்தில் 0.15.

பின்னால் இன்னொரு கூத்து. பிரேக் மிதித்தால் இண்டிகேட்டர் மங்கலாக எரிந்தது. இதுவும் எர்த்தான், டெயில் லைட்டின் எர்த் ஸ்க்ரூ துருப்பிடித்தால் கரன்ட் பக்கத்து பல்ப் வழியாகத் திரும்பப் பார்க்கும். மாவு கேனிலிருந்து வழிகிற உப்பும் புளிப்புமான தண்ணீர் நேரே அந்த ஸ்க்ரூ மேல் சொட்டிக்கொண்டிருந்தது. தனி எர்த் வயர் இழுத்து, சொட்டாத இடமாகப் பார்த்து முடுக்கிவிட்டேன்.

எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ராத்திரியில் பாட்டரி இறங்குகிறதா என்றும் பார்த்தோம். 0.03 ஆம்பியர், பரவாயில்லை. (மீட்டரை ஆம்பியரில் வைத்து மைனஸ் வயருக்கு நடுவே சேர்க்கும்போது யாரும் சாவியைத் தொடக்கூடாது. மீட்டர் போய்விடும்.) முதல் பாட்டரி எக்சேஞ்சில் போய்விட்டது. இரண்டாவதை இரண்டு ராத்திரி மெதுவாக சார்ஜ் போட்டதில் பிழைத்துக்கொண்டது. இப்போதும் அதுதான் ஓடுகிறது.

விற்கிற பேச்சு அதற்குப் பிறகு வரவில்லை. 2025 மே மாதம் எஃப்சிக்குப் பெயின்ட் அடிக்கக் கொடுத்தபோது, அண்ணாச்சி முதல் வேலையாக அடியில் குனிந்து, அந்த போல்ட்டின் மேல் காலி மாவு பாக்கெட் கவரைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டாராம். அதோடு, பெயின்ட் காய்கிறவரை பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாராம் :-)