மும்பையில் மூன்று தமிழூர்கள்

ஊர் விட்டு ஊர் போய்ப் படிப்பவனுக்கு முதலில் வேண்டியவை மூன்று: தலை சாய்க்க ஓர் இடம், வயிற்றுக்குப் பழகிய உணவு, காதுக்குத் தாய்மொழி. பிரான்சு நாட்டுக்குப் படிக்கச் சென்ற என் கல்லூரித் தோழன், வாய்விட்டுத் தமிழ் பேசி மாதங்கள் ஆயின என்று எழுதுகிறான். நெல்லைச் சீமையிலிருந்து கலீனா வளாகத்துக்கு வேதியியல் முதுகலை படிக்க வந்த எனக்கு அந்தக் குறை இல்லை. மும்பையில் தமிழூர் ஒன்றல்ல, மூன்று உண்டு என்பதை வந்த சில வாரங்களிலேயே கண்டுகொண்டேன்.

முதலாவது மாட்டுங்கா. அங்கே மல்லிகைச் சரமும் வாழையிலையும் விற்கிறார்கள். காப்பி மணம் தெருவரை வருகிறது. தென்னிந்தியக் கல்விச் சங்கம் 1932-இல் தோன்றியது இங்கேதான். அலுவலகங்களில் கணக்கராகவும் சுருக்கெழுத்தராகவும் பணிசெய்ய வந்தவர்களின் பேரப்பிள்ளைகளை இங்கே காணலாம். இரண்டாவது செம்பூர். செடா நகர் முருகன் கோயிலும், ஃபைன் ஆர்ட்ஸ் சொசைட்டியின் இசையரங்கும் அதன் அடையாளங்கள்.

மூன்றாவது தாராவி. நான் தங்கியிருப்பது அங்கேதான். 90 அடிச் சாலைக்குப் பின்னே ஒரு சந்தில், சித்தப்பா வீட்டு மாடியறையில். நம் பக்கத்திலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்காக இங்கே குடியேறியவர் பலர். ஆவாரம்பட்டையிலுள்ள தானின், தோலின் கொலாஜனோடு பிணைந்து அதை அழுகாமல் காக்கிறது என்று நான் புத்தகத்தில் படித்தேன். சித்தப்பாவின் மாமனாரோ அதைக் கையாலேயே அறிந்தவர். பதனிடும் தொழில் பெரும்பாலும் இடம்பெயர்ந்துவிட்டது. தோற்பை தைப்பவர்களும் விற்பவர்களும் இன்றும் இருக்கிறார்கள்.

ஒருநாள் மாட்டுங்காவில் ஒரு நண்பர் வீட்டுக்கு விருந்துக்குச் சென்றேன். அவருடைய தாயார் அன்போடு பரிமாறிக்கொண்டே, “எங்கேப்பா தங்கியிருக்கே?” என்று கேட்டார்.

“தாராவியில், மாமி” என்றேன்.

சாம்பார்க் கரண்டி சற்றே நின்றது. “அங்கேயா? நாங்க இத்தனை வருஷத்திலே உள்ளே போனதே இல்லையே!” என்றார். அவர் குரலில் வெறுப்பில்லை, வியப்புத்தான் இருந்தது.

இரவு சித்தப்பாவிடம் இதைச் சொன்னேன். அவர் சிரித்தார். “நானும் முப்பது வருஷமா இங்க கிடக்கேன். மாட்டுங்காவுல ஒரு வீட்டுக்குள்ளயும் போனதில்லைடே” என்றார்.

இருவருக்கும் இடையே இருப்பது ஓர் இருப்புப்பாதையும் சிறிது தூர நடையுமே! நெல்லையிலிருந்து மும்பை வரை வந்த தமிழனால் இந்தச் சிறுதொலைவைக் கடக்க முடியவில்லை.

இதனால் என்ன கேடு என்று கேட்கலாம். தாராவியை இடித்துப் புதிதாகக் கட்டும் திட்டம் நடைபெறுகிறது. 2000-ஆம் ஆண்டு சனவரி முதல் நாளுக்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்போருக்குத் தாராவியிலேயே இலவச வீடு. மற்றவர்க்கு வேறு விதிகள். ஆகவே பழைய மின்கட்டணச் சீட்டும் வாக்காளர் பட்டியலும் இன்று பொன்னாகிவிட்டன. எங்கள் சந்திலுள்ள ஆச்சி ஒருவர், மஞ்சள் பையில் நாற்பது ஆண்டுக் காகிதங்களைச் சுமந்துகொண்டு மாடியேறி வருகிறார். “எய்யா, இதுல என்ன எழுதியிருக்கு? படிச்சுச் சொல்லு” என்கிறார். ஆங்கிலத்தை நான் படித்துவிடுவேன். மராத்தியை எழுத்துக்கூட்டிப் படிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடுகிறது.

நண்பர்களே! நம் சங்கத்தில் மும்பையிலேயே பிறந்து மராத்தியைத் தண்ணீர்பட்ட பாடாக அறிந்தவர்கள் இருக்கிறீர்கள். சட்டம் பயில்வோரும் இருக்கிறீர்கள். பொங்கல் விழாவில் ஒன்றாக அமர்ந்து தமிழின் பெருமையைப் பேசுகிறோம்; மகிழ்ச்சியே. அதோடு மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரண்டு மணி நேரம், அந்தக் காகிதங்களின் முன்னும் அமரலாம் அன்றோ? ஆச்சிக்கு வேண்டியது நம் சொற்பொழிவன்று. படித்துச் சொல்ல ஒரு பிள்ளை.

சயான் நிலையத்தில் இறங்குங்கள். அழைத்துச் செல்ல நான் வருகிறேன்.