காணாமற்போன எழுத்து

கணினியைப் புதுப்பித்த மறுநாள் 'தமிழைக் காணவில்லை' என்று தவிப்போர் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். எழுத்துரு தேடும் வேலைக்கு இலக்கியச் சஞ்சிகையில் என்ன இடம் என்று சிலர் கேட்கலாம். எங்கள் ஊர்க் கவிகள் ஒரு எழுத்துருவை நம்பித்தான் இருந்தன. அதனால் எழுதுகிறேன்.

2006, 2007ஆம் ஆண்டுகளில் எங்கள் ஊர் மூத்தம்மா ஒருவர் சொல்லச் சொல்லக் கொப்பியில் எழுதிய நாட்டார் கவிகளை, பின்னர் பாமினியில் தட்டச்சு செய்து வைத்தேன். 2011 ஜனவரி வெள்ளத்தில் கொப்பிகள் போயின. மூத்தம்மாவும் மௌத்தாகிவிட்டார். எஞ்சியது அந்த ஒரு கோப்பு மட்டுமே.

விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரி 14இல் முடிந்தது. அதன்பின் நகரத்துக் கடையொன்றில் பழையதை முற்றாக நீக்கி விண்டோஸ் 10 போட்டுத் தந்தார்கள். 'டி' டிரைவில் இருந்த கோப்புகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. சில நாட்களில் மூத்தம்மாவின் மகள் பிரதியொன்று கேட்டு வந்தார். கோப்பைத் திறந்தால் வரிக்கு வரி ஆங்கில எழுத்துகள், இடையிடையே அரைப்புள்ளிகள்.

"என்ன சேர், உம்மாட கவியெல்லாம் அழிஞ்சி பெய்த்தா?" என்றார் அவர். கூட வந்த இளைஞர், "இது வைரஸ் சேர், அழிச்சிடுங்க" என்றார்.

பிள்ளை பிழையாக எழுதினால் சிவப்புக் கோடு போடுமுன் அந்தப் பிழையில் ஓர் ஒழுங்கு உண்டா என்று பார்க்கும்படி ஆசிரியர் கலாசாலையில் எமக்குச் சொல்லித் தந்தார்கள். இங்கும் ஒழுங்கு இருந்தது. 'உம்மா' வரவேண்டிய இடமெல்லாம் சீ, கே, அரைப்புள்ளி, கே, எச் என்றே வந்தது. பாமினியில் தட்டும்போது கணினி சேமிப்பது ஆங்கில எழுத்தைத்தான். 'சீ'க்கு 'உ' வடிவத்தைப் போர்த்திக் காட்டுவது எழுத்துரு. பாமினி விண்டோஸுடன் வருவதில்லை, நாமே தேடி நிறுவியது. பழையதை நீக்கியபோது அதுவும் நீங்கியது. நண்பரிடம் எழுத்துருக் கோப்பை வாங்கி நிறுவி மீண்டும் திறந்தேன். கவிகள் தமிழில் நின்றன.

யுனிகோடில் எழுதிய என் வேறு கோப்புகளுக்கு வந்தது வேறு நோய். அவை தமிழாகவே திறந்தன. ஆனால் லதா எழுத்துருவைப் பட்டியலில் காணோம், பக்கங்களும் நகர்ந்திருந்தன. விண்டோஸ் 2000 முதல் உடன்வந்த லதா, விண்டோஸ் 10இல் விரும்பினால் சேர்த்துக்கொள்ளும் பகுதிக்குப் போய்விட்டது. செட்டிங்ஸ், அப்ஸ், ஒப்ஷனல் பீச்சர்ஸ் என்று போய் 'தமிழ் சப்ளிமென்டல் பொன்ட்ஸ்' என்பதைச் சேர்த்தால், லதாவும் விஜயாவும் இணையத்திலிருந்து இறங்கும். அதுவரை நிர்மலா எழுத்துரு பக்கத்தைத் தாங்கியது. யுனிகோடில் 'உ' என்பது 'உ'வாகவே சேமிக்கப்படுவதால் ஓர் எழுத்துரு போனாலும் இன்னொன்று உதவும். பாமினிக் கோப்புக்கு அந்த உதவி இல்லை.

எனவே கவிகளை யுனிகோடுக்கு மாற்றினேன். மாற்றி மென்பொருளுக்கு ஒரு நொடி, சரிபார்க்க எனக்கு மூன்று இரவுகள். இடையே இருந்த ஆங்கிலச் சொற்களையும் அது தமிழாக்கிக் குழப்பியிருந்தது. பாமினியில் கொம்பை முன்னே தட்டுவோம், யுனிகோடில் அது மெய்க்குப் பின்னே சேமிக்கப்படும். ஆகவே சில இடங்களில் கொம்பு அயல் எழுத்தில் தொங்கியது. ஊர்ச்சொல் எது, தட்டச்சுப் பிழை எது என்று தெரியாத இடங்களில் மகளை அழைத்து வாசித்துக் காட்டினேன். ஒரு கவிக்கு, கோப்பில் இல்லாத இரண்டு அடிகளை அவர் சொன்னார். அவற்றையும் சேர்த்துக்கொண்டேன்.

விண்டோஸ் 10க்கான பொது ஆதரவும் 2025 ஒக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. பலரது கணினிகள் மறுபடி கடைக்குப் போகும். பழைய கதை, கவிதைகளைப் பாமினியில் வைத்திருக்கும் நண்பர்கள் கணினியைக் கொடுக்குமுன் அந்த எழுத்துருக் கோப்பையும் ஒரு பென்டிரைவில் எடுத்து வையுங்கள். கிறுக்கலாகத் தெரியும் எதையும் அழிக்க விடாதீர்கள். மாற்றி முடிந்ததும் ஒரு பிரதி அச்செடுத்து, அந்தச் சொற்களைத் தெரிந்த ஒருவர் உயிரோடிருக்கும்போதே அவரிடம் வாசித்துக் காட்டுங்கள்.