கவ்ர்

நாம் அரபி மதரஸாவில் ஓதிக்கொண்டிருந்த 1986ஆம் ஆண்டில், இலங்கையின் கிண்ணியாவிலிருந்து வந்த தோழர் ஒருவர் நம்முடன் ஓதினார். காஞ்சிபுரத்தில் பிறந்த நமக்குத் தெரிந்த ஆறு பாலாறு. ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும் ஆறு. ஒருநாள் அவர், “எங்கட ஊர்ல கடல் ஆத்துக்குள்ள வரும்” என்றார். “ஆறுதான் கடலுக்குப் போகும். கடல் என்ன, ஆற்றைப் பெண் பார்க்கவா வரும்?” என்று நாம் கேட்டோம். வகுப்பே சிரித்தது. அவர் தலைகுனிந்தார்.

உஸ்தாது கோபிக்கவில்லை. அகராதியை எடுத்து, ‘கவ்ர்’ என்னும் சொல்லைப் பார்க்கச் சொன்னார். இரு மேடுகளுக்கிடையே தாழ்ந்த நிலம், ஆற்று நீர் கடலில் சேருமிடம், நிலத்துள் புகுந்த கடல் என அச்சொல்லுக்குப் பல பொருள்கள். வெவ்வேறு பொருள்கள் என்றே எண்ணிக் குறித்துக்கொண்டோம். தோழரிடம் மன்னிப்புக் கேட்கத் தோன்றவில்லை.

அவர் ஊர் திரும்பினார். போர் மூண்ட ஆண்டுகளில் கடிதங்கள் நின்றன. 2007இல் நோயுற்று அவர் மர்ஹூமான செய்தி, வெகு காலம் சென்றே நமக்குக் கிட்டியது.

2018இல் கிண்ணியா சென்றோம். அவர் காலத்தில் தோணியும் படகும் ஏறிக் கடந்த நீரின்மேல், 2009இல் திறக்கப்பட்ட 396 மீட்டர் நீளப் பாலம் நிற்கிறது. தோழரின் மைந்தர் நம்மைப் படகில் ஏற்றிக்கொண்டார். பட்டுச் சேலையில் உடலையும் கரையையும் கோர்வை பிணைப்பதுபோல, குன்றுகளுக்கிடையே நீரும் நிலமும் ஒன்றையொன்று கோத்துக் கிடந்தன.

ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், உலகின் நீரில் ஒரு பங்கு நிலத்தின்மேல் பனியாய் உறைந்திருக்க, கடல் இன்றைக்குச் சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. அப்போது ஆறுகள் பாறையை அறுத்துப் பள்ளத்தாக்குகளை அமைத்தன. பனி உருகிக் கடல் உயர்ந்தபோது, அப்பள்ளத்தாக்குகளுள் நீர் புகுந்தது. திருகோணமலைத் துறைமுகம் அவ்வாறு மூழ்கிய பள்ளத்தாக்கே. பாலாறும் அன்று இன்றைய கரையைத் தாண்டி ஓடியிருக்க வேண்டும். ஆயின் தன் பள்ளத்தைத் தன் மணலாலேயே தூர்த்துக்கொண்டது. 335 கிலோமீட்டர் ஓடிவரும் மகாவலி சேரும் கொட்டியாரக் குடாவிலோ, கடலடியில் ஓர் ஆழ்பள்ளம் தொடங்கி 3,000 மீட்டருக்கும் கீழே இறங்குகிறது. ஆற்று மணல் இறங்க வழியுண்டு. ஆகவே நீர் ஆழமாகவே நிலைத்திருக்கிறது.

அப்போதுதான் அகராதி விளங்கிற்று. தாழ்ந்த நிலம், ஆறு சேருமிடம், உள்ளே புகுந்த கடல்: மூன்றும் ஒரே இடத்தின் மூன்று காலங்கள்! பல்லாண்டு அச்சொல்லைக் கற்பித்தும் நாம் அறியாததைத் தோழர் சிறு வயதிலேயே கண்ணால் கண்டிருந்தார்.

மைந்தர் சொன்னார்: “காஞ்சிபுரத்துக்காரர் ஒருத்தர் எங்கட கடல நம்பல்ல, ஒருநாள் கூட்டிவந்து காட்டோணும் எண்டு வாப்பா சொல்லுவாங்க.”

நாம் பதில் கூற இயலாமல் நீரையே பார்த்திருந்தோம். அன்று மாலை கப்ரடிக்குச் சென்று ஸலாம் உரைத்தோம். கேட்க வேண்டிய மன்னிப்பைக் கேட்டோம், செவியுற்றோர் எவருமில்லை.

இப்போதும் வகுப்பில் ஒரு மாணவர் தம் ஊரைப்பற்றி வியப்பான ஒன்றைச் சொன்னால், மற்றவர் சிரிக்குமுன் நாம் கையுயர்த்தி, “மேலும் சொல்லுங்கள்” என்கிறோம். வல்ல நாயன் அத்தோழரின் கப்ரை ஒளிமயமாக்கி, நம் பிழையைப் பொறுப்பானாக. ஆமீன்.