அப்பாவின் நீலச் சட்டை

கண்ணாடி போடாமல் ஹால் சுவரில் ஒட்டிவைத்த படம். வீட்டு இங்க்ஜெட்டில் சாய மையால் நானே அச்சிட்டது. அப்பாவின் நீலச் சட்டை ஆரஞ்சாகிக் கிடக்கிறது. காபி தெறித்த மூலையில் சித்தியின் முகம் கரைந்தே போய்விட்டது. (சித்தியிடம் இன்னும் சொல்லவில்லை.)

வெயிலைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். காற்றிலிருக்கும் ஓசோனும் கூட்டாளி. சாய மையில் பெரும்பாலும் நீலத்தைத்தான் அது முதலில் தின்னும். 2000-ல் எப்சனின் ஸ்டைலஸ் போட்டோ 1270 பிரிண்டர் வாங்கியவர்கள் பலர் இதே ஆரஞ்சைப் பார்த்து அலறினார்கள்.

சாயம், தண்ணீரில் கரைந்த சர்க்கரை மாதிரி. ஈரம் பட்டால் மறுபடி கரையும். இன்னொரு வகை மையிலிருக்கும் நிறமி கரையாது, அரைத்த காவிக்கல் போலத் துகளாகவே இருக்கும். துகளின் மேற்பரப்பு வெளுத்தாலும் உள்ளே நிறம் மிஞ்சும்.

ஆனால் அச்சுத்தலைத் துளையோ தலைமுடியை விட மெல்லியது. துகளை 0.1 மைக்ரான் அளவுக்கு அரைக்க வேண்டும். அரைத்தாலும் ஒன்றோடொன்று ஒட்டித் துளையை அடைக்கும். அதனால் ஒவ்வொரு துகளுக்கும் பிசின் சட்டை போடுகிறார்கள். புட்டிக்குள் அந்தச் சட்டை துகள்களை விலக்கி வைக்கும். தாளில் ஈரம் காய்ந்ததும் பிடித்துக்கொள்ளும். ஒரே பொருள் விலக்கவும் வேண்டும், ஒட்டவும் வேண்டும். எனக்கு இதுதான் பெரிய வித்தை.

அதே 2000-ல் வந்த எப்சனின் நிறமி மைப் பிரிண்டர் 2000பி-யின் படங்கள் நீடித்து உழைத்தன. ஜன்னல் வெளிச்சத்தில் மட்டும் பச்சையடித்தன.

அப்பாவை மறுபடி அச்சிட்டாயிற்று. நிறமி மை, இந்த முறை கண்ணாடியும் உண்டு.