ஆறு வளையல்

திருச்சியில் பொருளாதாரம் சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்கியவன் நான். ஆடம்பர வரி பாடம் வந்தால் நேராக அமெரிக்காவுக்குப் போய்விடுவேன். 1991-இல் அங்கே லட்சம் டாலருக்கு மேற்பட்ட உல்லாசப் படகுகளுக்கு, லட்சத்தைத் தாண்டிய தொகையில் 10 சதவீத வரி போட்டார்கள். பணக்காரர் படகு வாங்குவதைத் தள்ளிப்போட்டார். மந்தநிலையும் சேர்ந்துகொண்டது. வேலை போனது படகு கட்டுகிறவனுக்கு. 1993-இல் அந்த வரியை எடுத்தேவிட்டார்கள். இதை நன்றாகவே நடத்துவேன். அடி விழுவது பணக்காரன் முதுகில் இல்லை என்று நான் முடிக்கும்போது பின்பெஞ்சுகூட நிமிர்ந்து உட்காரும்.

2014-இல் என் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. அதற்குள் தங்கத்தின் இறக்குமதி வரி ஏறிப்போயிருந்தது. 2012 தொடக்கத்தில் 2 சதவீதம், 2013 ஆகஸ்டில் 10. நாட்டின் நடப்புக் கணக்குப் பற்றாக்குறை மொத்த உற்பத்தியில் 4.8 சதவீதத்தைத் தொட்ட காலம் அது. அரசின் கவலை நியாயமானதுதான், வகுப்பிலும் அப்படித்தான் சொன்னேன். ஆனால் தங்கத்தின் மேல் ஆசை குறைவேனா என்றது. சரக்கு வரும் வழிதான் மாறியது. விமான நிலையத்தில் தங்கம் கடத்தும் குருவிகள் பிடிபடும் செய்தி தினம் பேப்பரில் வரும்; அதையும் கத்தரித்து மாணவர்களுக்குக் காட்டுவேன்.

அம்மா அப்போது சிங்கப்பூரில், தங்கை வீட்டில் மூன்று மாதமாக இருந்தார். வயது 68. ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் வசித்தவர்களுக்குத்தான் வரியில்லாமல் நகை கொண்டுவரும் சலுகை. விதி எனக்கு மனப்பாடம். தெரிந்தேதான் தங்கைக்குப் போன் செய்தேன். ஆறு வளையல், 12 பவுன். எல்லாக் கணக்கும் போட்டால் மிச்சம் சுமார் 20,000 ரூபாய்.

“யாராச்சும் கேட்டா என்னடா சொல்ல?” என்றார் அம்மா.

“கல்யாணத்துல போட்டதுன்னு சொல்லும்மா. வயசானவங்கள யாரும் கேக்க மாட்டாங்க.”

யாரும் கேட்கவில்லை. ஏப்ரல் வெயிலில் சால்வையைப் போர்த்திக்கொண்டு வெளியே வந்தவர், காரில் ஏறும்வரை முழங்கைக்குக் கீழே கையைக் காட்டவில்லை. வீட்டுக்கு வந்ததும் கழற்றி என் மேஜையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். நான் எடைபோட்டுப் பார்த்தேன்.

இத்தோடு முடிந்திருந்தால் ஊரில் பாதிப்பேர் செய்ததுதானே என்று தேற்றிக்கொண்டிருப்பேன். பெரிய கடைவீதிக்குப் பின்சந்தில் எங்கள் பத்தர் இருக்கிறார். என் மனைவியின் தாலி அவர் பட்டறையில் செய்தது. 1963-இல் தங்கக் கட்டுப்பாடு வந்து, 14 காரட்டுக்கு மேல் புது நகை செய்யக்கூடாது என்றபோது, அவருடைய அப்பா உலையை அணைத்துவிட்டு அரிசி மண்டியில் கணக்கெழுதப் போனாராம். மகன் காலத்தில் 10 சதவீதம். போதாததற்கு, இறக்குமதியாகும் தங்கத்தில் ஐந்தில் ஒரு பங்கு ஏற்றுமதிக்குப் போயாக வேண்டும் என்ற விதி. சின்னப் பட்டறைகளுக்கு வேலை வருவதே அபூர்வம். நிச்சயதார்த்தச் செய்தி கேட்டு வீட்டுக்கே வந்தார். “பாப்பாவுக்கு வளையல் நான்தான் செய்வேன் சார்” என்றார். “பாக்கலாம் பத்தரே” என்று காபி கொடுத்து அனுப்பினேன். தங்கைக்குப் பணம் அனுப்பி அப்போது நான்கு நாள் ஆகியிருந்தது. அமெரிக்கப் படகுத் தச்சனுக்காக வருஷா வருஷம் உருகியவன், கூப்பிடு தூரத்தில் இருந்த பத்தரின் கூலியையும் சேதாரத்தையும் சேர்த்துத்தான் அந்த 20,000 ரூபாயை மிச்சம் பிடித்தேன்.

கல்யாணத்துக்கு வந்தார். மேடையில் மகள் கையைப் பிடித்து வாழ்த்தியவர், வளையலை ஒரு திருப்புத் திருப்பினார். “மெஷின் வேலை. இந்த ஊர் உருப்படி இல்லையே.”

“அத்தை சீர் பத்தரே. வேணாம்னு சொல்லியும் கேக்கல” என்றேன்.

தலையாட்டிவிட்டுப் பந்திக்குப் போனார். மொய் நோட்டில் அவர் பேருக்கு நேரே 501 ரூபாய். இப்போதெல்லாம் மூக்குத்தித் திருகு கழன்றால்கூட நான் வேறு தெருக் கடைக்குத்தான் போகிறேன்.